பழைய டர்போ வாங்குமுன்



‘டர்போ’ என்னும் சொல் லத்தீன் மொழியைச் சேர்ந்தது. அம்மொழியில் அதற்குச் சுழல்காற்று என்றும் பொருள். சிறுவர் ஆடும் பம்பரம் என்றும் பொருள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவனுக்கு எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதன் வேரைத் தேடிப் பார்ப்பது வழக்கமாகிவிடுகிறது. ஆனால் சொல்லை அறிந்தவன் பொருளையும் அறிந்தவனாகிவிட மாட்டான் என்பதைச் சென்ற குளிர்காலத்தில் மேற்குத் தில்லியின் மாயாபுரியில், ஒரு கடைவாசலில் நின்றபோது நன்கு உணர்ந்தேன்.

மாயாபுரி என்பது பழைய மோட்டார் வாகனங்களைப் பிரித்து, அவற்றின் உறுப்புகளை விற்கும் வணிகத்திற்குப் பெயர்பெற்ற இடம். அங்கே எனக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கோயம்புத்தூரைச் சேர்ந்த என் நண்பர் ஒருவரின் மகன் தலைநகரில் பணியாற்றுகிறார். கோவை மக்களுக்கு மோட்டார்ப் பந்தயத்தில் உள்ள ஈடுபாடு நாடறிந்தது. பந்தய வீரரும் பந்தயக் கார்களை வடிவமைத்தவருமான கரிவரதன் அவர்களின் பெயரால் அந்நகருக்கு அருகே ஓர் ஓடுதளமே இருக்கிறது. அந்த மண்ணில் வளர்ந்த இளைஞர் தமது டீசல் காருக்கு, அதனுடன் வந்த டர்போவை நீக்கிவிட்டு, அதனினும் பெரியதாக, மிகுந்த திறன் தரத்தக்கதாக ஒன்றைப் பொருத்த விரும்பினார். புதியது வாங்க வசதியில்லை. பழையது ஒன்றை 38,000 ரூபாய்க்குப் பேசி, 5,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். மீதியைக் கொடுத்துப் பொருளை எடுத்து வரவேண்டியதுதான் பாக்கி.

“எனக்கு ஹிந்தி அவ்வளவா வராதுங்க மாமா. நீங்க சும்மா கூட வந்து பேசிக் கொடுத்தாப் போதுமுங்க” என்றார்.

பேசிக் கொடுப்பதற்கு நான் போதும்; பார்த்துச் சொல்வதற்கு வேறொருவர் வேண்டுமே என்று தோன்றியது. கரோல் பாகில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வண்டி பழுது பார்த்துவரும் முதியவர் ஒருவரை எனக்குத் தெரியும். வடநாட்டுப் பட்டறைகளின் மரபுப்படி எல்லோரும் அவரை ‘உஸ்தாத்’ என்றே அழைப்பார்கள். அவரையும் வேண்டி அழைத்துக்கொண்டோம். அன்று அவர் செய்த பரிசோதனையையும் கூறிய காரணங்களையுமே இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலரும், தெரியாத ஊரில், முழுதும் பழகாத மொழியில், இத்தகைய பொருள்களை வாங்க நேர்கிறது. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

முதலில், டர்போ என்பது என்ன? எஞ்சினுக்கு எரிபொருள் மட்டும் உணவன்று, காற்றும் உணவே. காற்று மிகுதியாகக் கிடைத்தால் எரிபொருளும் மிகுதியாக எரியும், ஆற்றலும் பெருகும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையோ வெப்பமும் விசையும் உடையது. அது சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. அவ்வாறு போகும் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் புகை அதனைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் மற்றொரு சக்கரத்தை வைத்தால், அது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் செலுத்தும். புகைப்பக்கத்துச் சக்கரத்திற்கு டர்பைன் என்றும், காற்றுப்பக்கத்துச் சக்கரத்திற்குக் கம்ப்ரஸர் என்றும் பெயர். இவ்விரண்டும், நடுவே ஒரு தண்டும், அத்தண்டைத் தாங்கும் பேரிங்குகளும் சேர்ந்ததே டர்போ. ஸ்விட்ஸர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டில் இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல்களிலும் விமானங்களிலும் லாரிகளிலும் பயின்ற பிறகு, 1962-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பெற்றது. இன்று நம் நாட்டில் விற்கும் டீசல் கார்களில் டர்போ இல்லாததைக் காண்பது அரிது.

இந்தப் பம்பரத்தின் வேகத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்ப்ரஸர் சக்கரம் ஒன்று நிமிடத்திற்கு ஒன்றரை லட்சம் தடவை சுழல்வதாகக் கொள்வோம். இது மிகைப்படுத்திய கணக்கன்று. கார் டர்போக்களில் இயல்பாகக் காணும் வேகமே. அப்போது அச்சக்கரத்தின் விளிம்பு வினாடிக்கு ஏறத்தாழ 470 மீட்டர் விரைகிறது. காற்றில் ஒலி செல்லும் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான். விளிம்பு ஒலியினும் விரையும் அச்சக்கரத்தைச் சுமந்து சுழலும் தண்டு பேரிங்கை நேரே தொடுவதில்லை. இடையே எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நின்று அதனை மிதக்க வைக்கிறது. அப்படலம் கணநேரம் அற்றுப்போனாலும், மணல் துகள் ஒன்று அதனுள் புகுந்தாலும், சக்கரத்தின் இதழ் ஒன்று சிறிதே வளைந்தாலும் பம்பரம் தலையாடத் தொடங்கும். தலையாடும் பம்பரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது சிறுவருக்கும் தெரியும். ஆகவே பழைய டர்போவில் நாம் தேடவேண்டியவை பெரிய உடைவுகள் அல்ல, மயிரிழையளவான குறைகளே.

கடைக்காரர் அன்போடு வரவேற்றார்; தேநீர் வரவழைத்தார். மேசைமீது டர்போவை எடுத்து வைத்தார். வெள்ளிப் பூச்சுப் பூசி, புதுப்பானை போல் அது மின்னிற்று. இளைஞரின் முகமும் மலர்ந்தது. உஸ்தாத் அதைத் தொடவேயில்லை. கடைக்காரரை நோக்கி, “க்யோன் நிகாலா?” என்று மட்டும் கேட்டார். ‘ஏன் கழற்றினார்கள்?’ என்பது பொருள்.

நேயர்களே, ஹிந்தி பேசும் ஊர்களில் பழைய உறுப்பு வாங்கப் போகும் ஒருவர் வேறொன்றும் கற்காவிடினும் இவ்விரண்டு சொற்களைக் கற்றுக்கொள்வது நலம். டர்போ தானாக வண்டியை விட்டு இறங்குவதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்தால் அதைக் கழற்றியிருக்கிறார். வண்டி விபத்துக்குள்ளாகிப் பிரிக்கப்பட்டது என்றால், மோதும் நிமிடம் வரையில் டர்போ நன்றாக ஓடியிருக்கலாம். அடிபட்டதா என்று பார்த்தால் போதும். உரிமையாளர் இன்னும் பெரியது பொருத்துவதற்காகக் கழற்றினார் என்றாலும் ஏற்கத்தக்கதே. ஆனால் ‘புகை விட்டது’, ‘இழுவை குறைந்தது’ என்றாலோ, ‘எஞ்சின் பிடித்துக்கொண்டது’ என்றாலோ எச்சரிக்கை வேண்டும். எஞ்சினுக்குள் தேய்ந்த உலோகத் துகள்கள் எண்ணெயோடு கலந்து டர்போவின் பேரிங்கிலும் புகுந்திருக்கும். எஞ்சினை அழித்த நோய் டர்போவையும் தொட்டிருக்கும். எங்கள் கடைக்காரர் முதலில் விபத்து என்றார். தேநீர் முடிவதற்குள் வண்டிக்காரர் புதியது மாற்றினார் என்றார். இரண்டு விடைகளையும் உஸ்தாத் மறுக்கவில்லை. என்னைப் பார்த்துச் சற்றே தலையசைத்தார், அவ்வளவே.

அடுத்து அடையாளம் பார்த்தார். டர்போவின் மேல் சிறு தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் பெயரும் உறுப்பின் எண்ணும் அதில் இருக்கும். தகடு இல்லையென்றாலும், கூடு பழையதாயிருக்கத் தகடு மட்டும் புத்தம் புதியதாயிருந்தாலும் ஐயுற வேண்டும். பெரிய டர்போ வாங்குவோர் தகட்டோடு நின்றுவிடக் கூடாது. வெர்னியர் அளவுகோலைக் கொண்டு கம்ப்ரஸர் சக்கரத்தை அளக்க வேண்டும். காற்று நுழையும் பக்கத்தின் விட்டம் ஒன்று; வெளியேறும் பக்கத்தின் விட்டம் மற்றொன்று. சிறியதைப் பெரியதால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நூறால் பெருக்கினால் ‘டிரிம்’ என்னும் எண் கிடைக்கும். 48 மில்லிமீட்டரும் 60 மில்லிமீட்டரும் என்றால் டிரிம் 64. மற்ற அளவுகள் ஒத்திருக்கும்போது, இந்த எண் பெரியதானால் சக்கரம் செலுத்தும் காற்றும் மிகும்.

இளைஞர் தகட்டிலிருந்த எண்ணைக் கைப்பேசியில் தேடித் தயாரிப்பாளரின் பட்டியலை எடுத்தார். பட்டியலில் நுழைபக்கத்து அளவு 48 மில்லிமீட்டர். உஸ்தாத் அளந்ததோ 44. அதாவது டிரிம் 64 அன்று, 54. உள்ளே இருந்தது வேறு சக்கரம். “யாரோ மாத்திட்டாங்களா மாமா?” என்று இளைஞர் மெல்லக் கேட்டார். மாற்றியது குற்றமன்று, மாற்றியதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

எங்கள் ஐயம் கடைக்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும். அழுத்தக் காற்றுக் குழாய் ஒன்றை எடுத்து வந்து, “ஓட்டிக் காட்டுகிறேன், கேளுங்கள்” என்றார். காற்றுப் பீய்ச்சினால் சக்கரம் சங்கு ஊதுவது போல் ஒலித்துச் சுழலும், பார்ப்பவர் மயங்கிவிடுவர். உஸ்தாத் உடனே கையை நீட்டித் தடுத்தார். எண்ணெய் ஊட்டப்படாத டர்போவைக் காற்றால் சுழற்றுவது அதன் பேரிங்கைத் தேய்ப்பதற்கு ஒப்பாகும். வேகம் அளவு மீறிப் போவதற்கும் இடமுண்டு. தவிரவும், அந்த ஓசையிலிருந்து பொருளின் நலத்தைப் பற்றி எதுவும் தெரியவராது. நல்ல டர்போ மின்விசிறி போல் நெடுநேரம் சுழல வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். சாதாரணப் பேரிங் உள்ளதில் எண்ணெயின் பிசுபிசுப்பால் சக்கரம் சிறிது சுற்றி அடங்கிவிடுவதே இயல்பு. குண்டுப் பேரிங் உள்ளது கூடுதலாகச் சுழலும். எதுவாயினும் அடங்கும்போது மெல்ல அடங்க வேண்டும். உரசும் ஒலியோ திடீர்த் தடையோ இருக்கலாகாது.

பின்னர்க் கைவிளக்கை ஏந்திக் கம்ப்ரஸர் சக்கரத்தின் ஒவ்வோர் இதழையும் பார்த்தார். இது அலுமினியத்தாலானது, மென்மையுடையது. காற்றுவடிகட்டியைக் கவனியாமல் ஓட்டிய வண்டியென்றால் மணல் பட்டு இதழ்களின் முன்விளிம்பு மழுங்கியிருக்கும். நட்டோ திருகோ உள்ளே புகுந்திருந்தால் விளிம்பில் பல் விழுந்தாற்போல் வெட்டுகள் காணும். சக்கரத்தைச் சூழ்ந்துள்ள கூட்டின் உட்புறத்தில் வளையம் வளையமாகத் தேய்ந்த கோடுகள் இருந்தால் சக்கரம் ஒரு காலத்தில் கூட்டைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அத்தகையதை விலை எவ்வளவு குறைவாயினும் விட்டுவிட வேண்டும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் ஓரிடத்தையும் அவர் சுட்டிக் காட்டினார். சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டிலோ முதுகுப்புறத்திலோ அரம் கொண்டு ராவியது போன்ற சிறு வெட்டுகள் இருக்கும். அவை பழுதல்ல. சமநிலை பார்க்கும்போது தொழிற்சாலையிலேயே உலோகத்தைச் சிறிது எடுத்த அடையாளங்கள். பழுதைப் பழுதென்று அறிவது எவ்வளவு அவசியமோ, பழுதல்லாததைப் பழுதென்று சொல்லி நல்ல பொருளைத் தள்ளாமலிருப்பதும் அவ்வளவு அவசியம்.

அடுத்ததே தலையாய சோதனை, ஆட்டம் பார்த்தல். இரு விரல்களால் தண்டின் முனையைப் பிடித்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்க வேண்டும். சாதாரணப் பேரிங் உள்ள டர்போவில் இவ்வகை ஆட்டம் சிறிது இருக்கத்தான் செய்யும். எண்ணெய்ப் படலத்திற்காக விடப்பட்ட இடைவெளி அது. எண்ணெய் வற்றியிருக்கும்போது இன்னும் மிகுதியாகத் தோன்றும். ஆகவே எண்ணெய்த் துளையில் சில சொட்டுகள் புதிய எஞ்சின் எண்ணெய் விட்டு, விரலால் பல சுற்றுச் சுற்றிவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் தண்டை ஒரு பக்கம் அழுத்திக்கொண்டே சுற்றினால் சக்கரம் கூட்டில் உரசுகிறதா? உரசினால் பேரிங் தேய்ந்துவிட்டது. குண்டுப் பேரிங் உள்ளதில் பக்கவாட்டு ஆட்டம் மிகச் சிறிதாகவே இருக்க வேண்டும்.

பிறகு தண்டை முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தில் சலுகையே கிடையாது. பெரும்பாலான கார் டர்போக்களில் இது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது நாம் எழுதும் தாள் ஒன்றின் கனத்திற்குள் அடங்கியிருக்க வேண்டும். விரலுக்கு அது ஏறக்குறையத் தெரியாது. ‘டக் டக்’ என்று விரலில் உணர்ந்தால் முன்பின் விசையைத் தாங்கும் பேரிங் போய்விட்டது என்று கொள்ளலாம். எங்கள் டர்போவில் அது எனக்கே, பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்தறியாத என் விரலுக்கே, தெரிந்தது. உஸ்தாத் தம் பையிலிருந்து டயல் கேஜ் எடுத்து வைத்து அளந்தார். கால் மில்லிமீட்டர் காட்டிற்று.

ஆயினும் அவர் பரிசோதனையை நிறுத்தவில்லை. முழுதும் பார்த்தால்தான் இளைஞருக்கு நம்பிக்கை வரும் என்று கருதினார் போலும். டர்பைன் பக்கத்தைக் காட்டினார். நிக்கல் கலந்த கடினமான உலோகத்தாலான அச்சக்கரத்தின் இதழ்நுனிகள் இரண்டு உதிர்ந்திருந்தன. எஞ்சினுக்குள் ஏதோ உடைந்து புகையோடு பறந்து வந்து தாக்கியதன் அடையாளம் அது. புகைப்பக்கத்துக் கூட்டில் உள்ளே மயிரிழைக் கீறல்கள் சில இருப்பது வெப்பத்தின் இயல்பு. அக்கீறல் வெளிச்சுவர் வரையிலோ, மேனிஃபோல்டில் பொருந்தும் தட்டையான முகம் வரையிலோ ஓடியிருந்தால் ஆகாது. பூச்சுப் பூசிய கூட்டில் இவற்றைக் காண்பது கடினம். ஆகவேதான் தூய்மை செய்யாத, பூச்சுப் பூசாத டர்போவையே கேட்டு வாங்க வேண்டும் என்பார் உஸ்தாத். எண்ணெய்க் கறையும் கரியும் அதன் நோய்க் குறிப்பேடு. அதைத் துடைத்துவிட்டால் வைத்தியன் எதைப் பார்ப்பான்?

அக்கறையை எவ்வாறு படிப்பது என்பதையும் சொன்னார். கம்ப்ரஸர் பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது எஞ்சினின் மூச்சுக்குழாய் வழி வந்ததாகவும் இருக்கலாம். அதுகொண்டே தள்ளிவிடக் கூடாது. டர்பைன் பக்கத்தில் ஈரமாக எண்ணெய் கசிந்திருந்தால் அதனைப் பொறுக்கலாகாது. எண்ணெய் நுழையும் துளையிலும் வடியும் துளையிலும் கரி கட்டியாக உறைந்திருந்தால், சூடான எஞ்சினை உடனுக்குடன் நிறுத்தி ஓட்டியிருக்கிறார்கள், அல்லது எண்ணெயை உரிய காலத்தில் மாற்றவில்லை என்று அறியலாம். தண்டு நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெயின்றிக் காய்ந்திருக்கிறது. நீர் ஓடும் துளைகள் உள்ளதாயின் அங்கே துருவும் வெடிப்பும் பார்க்க வேண்டும்.

மிகுந்த அழுத்தத்தை வெளிவிடும் வேஸ்ட்கேட் கதவு தன் இருக்கையில் சரியாக அமர்கிறதா, அதனை இயக்கும் ஆக்சுவேட்டர் கைப்பம்பின் அழுத்தத்திற்குத் தண்டை நகர்த்துகிறதா, அழுத்தம் கசியாமல் நிற்கிறதா என்பனவும் பார்க்க வேண்டியவை. டீசல் கார்களில் பெரும்பாலும் காணும், இதழ்கள் திரும்பும் வகை டர்போவாயின், அதன் நெம்புகோல் முழுத் தூரமும் தடையின்றி அசைய வேண்டும். கரி பிடித்து நடுவில் நின்றால் அதற்கும் செலவுண்டு.

இவ்வளவையும் பார்த்து முடிக்க அரைமணி நேரமாயிற்று. உஸ்தாத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு இளைஞரைப் பார்த்தார். இளைஞர் என்னைப் பார்த்தார்.

“அஞ்சாயிரம் கொடுத்துட்டேனேங்க மாமா. பேரிங் மாத்திப் பூட்டிக்கலாமுங்களா?”

இக்கேள்வியில்தான் முழு ஆபத்தும் இருந்தது. கொடுத்த ஐயாயிரத்தைக் காப்பாற்ற மீதி 33,000 ரூபாயையும் கொடுக்க மனம் துணிகிறது. உஸ்தாத் கணக்குப் போட்டுக் காட்டினார். பேரிங், ஸீல் முதலியன அடங்கிய பழுதுபார்க்கும் தொகுப்பு ஒரு செலவு. இதழ் உதிர்ந்ததால் டர்பைன் சக்கரமும் தண்டும் மாற்ற வேண்டும், அது பெருஞ்செலவு. சக்கரத்தை மாற்றினால் இயந்திரத்தில் ஏற்றிச் சமநிலை பார்த்தாக வேண்டும். அது மற்றொரு செலவு. அதன்மேல் காஸ்கெட், எண்ணெய், வடிகட்டி, கூலி. கூட்டிப் பார்த்தால், முறையாகப் புதுப்பித்து உத்தரவாதத்துடன் விற்கும் ஒன்றின் விலையைத் தாண்டிற்று.

பணம் மட்டுமே பிரச்சினையாயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். டீசல் எஞ்சினில் டர்போவின் பேரிங் சிதைந்து ஸீல் உடைந்தால், எண்ணெய் கம்ப்ரஸர் வழியே எஞ்சினுக்குள் புகும். டீசல் எஞ்சினுக்கு அந்த எண்ணெயும் எரிபொருளே. அப்போது சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. தன் எண்ணெயைத் தானே குடித்துக்கொண்டு, வேகம் ஏறி, உடையும் வரையில் ஓடும். நெடுஞ்சாலையில் இவ்வாறு நேர்ந்த ஒரு வண்டியைத் தாம் கண்டதாக உஸ்தாத் சொன்னார். கையால் ஓட்டும் கியர் உள்ள காராயின், பிரேக்கை அழுத்தியவாறே உயர்ந்த கியரிலிட்டுக் கிளட்சை விட்டு எஞ்சினை அடக்கப் பார்க்கலாம். முடியாவிட்டால் வண்டியிலுள்ளோர் இறங்கி விலகிவிட வேண்டும். காற்றுக்குழாயைக் கையால் மூட முயல்வது பேராபத்து. காய்ந்த புகைக்குழாயில் எண்ணெய் பட்டுத் தீப்பிடிப்பதும் உண்டு. ஒவ்வொரு கோடையிலும் அந்த இளைஞர் தம் பெற்றோரைத் தில்லிக்கு வரவழைத்து, அதே காரில் ஹரித்துவாரத்திற்கும் மதுராவுக்கும் அழைத்துச் செல்கிறார். அதை மட்டும் நினைவூட்டினேன். வேறொன்றும் சொல்லவில்லை.

சற்று நேரம் அவர் பேசாதிருந்தார். பிறகு, “வேண்டாமுங்க மாமா, சொல்லிடுங்க” என்றார். நான் கடைக்காரரிடம், அளந்து கண்ட மூன்று குறைகளையும் குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முதலில் மறுத்தார். விலையை 25,000 ஆகக் குறைத்தார். பின்னர் 3,000 ரூபாயைத் திருப்பித் தந்து, 2,000 ரூபாயைத் தம் சிரமத்திற்கென வைத்துக்கொண்டார். அன்றைய பாடத்திற்கு அது குறைந்த கட்டணமே என்று உஸ்தாத் சொன்னார். முன்பணம் கொடுப்பதாயின், ‘பரிசோதனையில் தேறாவிடில் திருப்பித் தரப்படும்’ என்று எழுதி வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும் என்பதை நாங்கள் மூவரும் ஒப்புக்கொண்டோம்.

நேயர்களே, பொருள் நல்லதாகவே இருந்தாலும் இன்னும் சில கேள்விகள் எஞ்சுகின்றன. முதலாவது பொருத்தம். டர்போ பெரிதானால் ஆற்றல் பெருகும் என்பது பாதி உண்மை. பெரிய சக்கரம் சுழல மிகுந்த புகை வேண்டும். ஆகவே தாழ்ந்த வேகத்தில் வண்டி மந்தமாகும். நகர நெரிசலில் ஓடும் காருக்கு அது இடையூறே. அதிகக் காற்றுக்கு ஏற்ப எரிபொருள் ஊட்டும் அமைப்பையும் அதன் மின்னணுக் கட்டுப்பாட்டையும் மாற்றாமல் டர்போவை மட்டும் மாற்றுவதில் பொருளில்லை. அவ்வாறு மாற்றினால் பிஸ்டனும் கிளட்சும் அந்தப் பளுவைத் தாங்குமா என்பது அடுத்த கேள்வி.

இரண்டாவது சட்டம். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதனை வலியுறுத்தியது. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிக்காவிட்டால் விபத்தின்போது வழக்கு எழக்கூடும். ஓடுதளத்திற்கென்றே வைத்திருக்கும் வண்டி வேறு. குடும்பத்தோடு சாலையில் செல்லும் வண்டி வேறு.

மூன்றாவது ரசீது. பொருள் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டும் ரசீதில்லாமல் வாங்கக் கூடாது. திருட்டுப் பொருளென்று அறிந்து வாங்குவது குற்றம். அயலூரில் இருக்கும் நமக்கு அவ்வகைத் தொல்லை இரட்டிப்பாகும்.

தொலைவிலுள்ள ஊரிலிருந்து தருவிப்போர் தகட்டின் எண்ணையும், இரு சக்கரங்களின் இதழ்களையும், எண்ணெய்த் துளைகளையும் அருகிருந்து எடுத்த படங்களைக் கேட்க வேண்டும். தண்டை முன்பின் அசைக்கும் காட்சியை, டயல் கேஜ் வைத்த நிலையில், வீடியோவாகவே கேட்கலாம். புதுப்பித்தது என்று சொன்னால் சமநிலை பார்த்த இயந்திரம் அச்சிட்டுத் தரும் தாளைக் கேட்க வேண்டும். அவை கிடைத்தாலும், நேரில் பார்த்த பிறகே முழுப்பணம்.

வாங்கிய பின்னும் பொறுமை வேண்டும். எண்ணெய்க் குழாயைப் புதிதாக்கியோ நன்கு தூய்மை செய்தோ பூட்ட வேண்டும். எஞ்சின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். வடிகுழாய் மடங்காமல் கீழ்நோக்கி அமைய வேண்டும். எஞ்சினைத் தொடங்குமுன் டர்போவில் எண்ணெய் ஊற்றிக் கையால் சுற்ற வேண்டும். முதலில் சில நிமிடங்கள் முடுக்காமல் மெதுவாகவே ஓடவிட வேண்டும்.

அந்த இளைஞர் இரண்டு மாதம் கழித்துத் தம் பழைய டர்போவையே கழற்றி, தூய்மை செய்து, சமநிலை பார்த்துப் பூட்டிக்கொண்டார். பந்தயத்திற்கெனத் தனியாக ஒரு பழைய வண்டி வாங்கப் பணம் சேர்த்து வருகிறார். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு டர்போ பார்த்திருப்பதாகவும், அதன் சொந்தக்காரரிடம் முதற்கேள்வியைத் தாமே ஹிந்தியில் கேட்டுவிட்டதாகவும் சொன்னார்.

“என்ன பதில் சொன்னார்?” என்றேன்.

“பதில் சரியாத்தானுங்க இருக்கு. இருந்தாலும் உஸ்தாத் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு பைசா கொடுக்கலீங்க மாமா” என்றார்.